வெள்ளம் என்றால் எந்தப் படம்?

கணினித் திரையில் இரண்டு படங்கள். ஒன்றில் டம்ளர் நிறையத் தண்ணீர். மற்றொன்றில் தெருவை மூழ்கடித்துப் பாயும் மழைநீர். கீழே 'வெள்ளம்' என்று எழுதியிருக்கிறது. பொருத்தமான படத்தைத் தொட வேண்டும்.

மதுரைப் பிள்ளை தெருவைத் தொடும். பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ வளரும் பிள்ளை, வீட்டில் தமிழே பேசினாலும், டம்ளரைத் தொட்டால் வியப்பில்லை. எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாகத்துக்குக் கேட்பது வெள்ளம்தான். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பேச்சு அந்தக் கோட்டைப் பார்த்துப் பிரியவில்லை. மென்பொருளோ சிவப்பு விளக்கைக் காட்டி 'தவறு' என்கிறது. தவறியது பிள்ளையா, மென்பொருளா?

இதைக் கண்டுபிடிக்கத்தான் விளையாட்டுகளையும் கற்றல் மென்பொருள்களையும் சோதித்து மதிப்பிடும் ஆய்வு என்று ஒரு துறையே வளர்ந்திருக்கிறது.

அங்கே முதல் சோதனையாளர் எந்திரம். ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 புலி, 15 ஆடு என்பது பரவலான வழக்கம். ஏன் 15? 14 ஆடு இருந்தால் புலி எளிதாக வென்றுவிடுமா? நம் முன்னோர் திண்ணையில் ஆடி ஆடிப் பார்த்துத் தீர்த்துக்கொண்ட கணக்கு இது. இன்று விதிகளைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்து, இரண்டு பக்கத்தையும் அதையே ஆயிரக்கணக்கான முறை ஆட விடுகிறார்கள். ஒரு பக்கமே வென்றுகொண்டிருந்தால் ஆட்டம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். நாலு நகர்த்தலில் முடிந்தாலோ, முடிவே இல்லாமல் இழுத்தாலோ விதியைத் திருத்த வேண்டும். நேபாளத்தில் ஆடும் பாக்சால், நம் ஆட்டத்துக்குத் தாயாதி. அதில் 4 புலி, 20 ஆடு. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதைக் கணினியால் அலசி, இருவரும் பிழையே இல்லாமல் ஆடினால் சமனில்தான் முடியும் என்று காட்டினார்கள். அதை உருவாக்கிய பெயர் தெரியாத மனிதர்கள் எவ்வளவு நுட்பமாக எடைபோட்டிருக்கிறார்கள்!

கற்றல் மென்பொருளுக்கு இதேபோலப் போலி மாணவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் 1995இல் வெளியிட்ட முறையில் ஒரு மாணவரை நான்கு எண்களில் அடக்கிவிடலாம்: பாடம் முன்பே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒவ்வொரு பயிற்சியிலும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தெரியாமலே குருட்டாம்போக்கில் சரியாகத் தொடும் வாய்ப்பு, தெரிந்தும் கை தவறும் வாய்ப்பு. இப்படி ஆயிரம் பேரைக் கணினிக்குள் உட்காரவைத்து, எத்தனை பயிற்சி போதும், எப்போது அடுத்த பாடத்துக்குப் போகலாம் என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். செலவு குறைவு, பிள்ளைகளின் நேரமும் வீணாகாது. ஆனால் அந்தப் போலி மாணவருக்கு 'கொஞ்சம் வெள்ளம் எடுத்துட்டு வா' என்று சொல்ல ஓர் அம்மா இல்லை. அதனால் டம்ளர் சிக்கல் அங்கே தட்டுப்படவே படாது.

அதற்கு உண்மைப் பிள்ளைதான் வேண்டும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டம், மின்சுற்று, விசை போன்றவற்றைத் திரையில் செய்து பார்க்கும் பாவனைக் கருவிகளைத் தருகிறது. அவற்றைச் சோதிக்கும் முறை எளிமையானது. ஒரு மாணவரைத் தனியாகத் திரைமுன் உட்காரவைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். உதவுவதில்லை, திருத்துவதில்லை. எங்கே விரல் தயங்குகிறது, எந்தப் பொத்தானைக் கவனிக்காமல் போகிறார், எதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார் என்று குறித்துக்கொள்கிறார்கள். திருத்தம் மென்பொருளுக்குத்தான்.

நிறையப் பிள்ளைகளின் விடைகள் கையில் இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. மொத்த மதிப்பெண் ஒரே அளவில் உள்ள பிள்ளைகளை இரண்டு ஊரிலிருந்து எடுத்து, கேள்வி கேள்வியாக ஒப்பிட வேண்டும். மற்றதிலெல்லாம் சமமாக இருக்கும் எல்லைப்புறப் பிள்ளைகள் ஒரே ஒரு கேள்வியில் மட்டும் கூட்டமாகச் சறுக்கினால், அந்தக் கேள்வியைத்தான் சந்தேகிக்க வேண்டும். 'ஐந்தில் இரண்டைக் கழி' என்ற வரியை நினைத்துப் பாருங்கள். மலையாளத்தில் 'கழிக்குக' என்றால் சாப்பிடுவது. வீட்டில் மலையாளமும் கலந்து கேட்கும் ஆறு வயதுப் பிள்ளை அங்கே ஒரு நொடி தடுமாறினால், அதைக் கணக்கு தெரியாததாக எண்ணுவது பெரிய அநியாயம்.

கேரளத்துக்கு இதில் நல்ல வசதி இருக்கிறது. பள்ளிகளில் கணினிவழிக் கல்விக்காக 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருள்தான் ஓடுகிறது. தொடக்க வகுப்புகளின் கணினிப் பாடநூலுக்கே 'களிப்பெட்டி', அதாவது விளையாட்டுப் பெட்டி, என்று பெயர். கட்டற்ற மென்பொருளின் மூலநிரல் திறந்தே கிடக்கும். ஒரு சொல்லையோ படத்தையோ மாற்ற யாரிடமும் உரிமம் வாங்க வேண்டாம்.

எல்லையோரப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கணினி அறைக்குப் போகும்போது, ஒரே ஒரு பிள்ளையின் பின்னால் பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். அவள் தயங்கும் இடத்தையும் அங்கே இருந்த சொல்லையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பிறகு, ஏன் அதைத் தொட்டாய் என்று அவளிடமே கேளுங்கள்.