புள்ளியை எண்ணுங்கள்!



வண்டி நம்பருக்கு ஸ்டிக்கர் வெட்டும் மிஷினைப் பார்த்திருப்பீங்க. அதே மாதிரி மிஷினை வைத்து வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை செய்யலாம்.

கம்ப்யூட்டரில் போட்ட கோட்டின் வழியே சின்ன பிளேடு ஓடும். பிளேடு இடம் வலமாகப் போகும். உருளை தாளை முன்னும் பின்னும் நகர்த்தும். இரண்டும் சேர்ந்தால் எந்த வளைவும் வெட்டலாம். தாள் நழுவாமலிருக்க, லேசாகப் பசை தடவிய பிளாஸ்டிக் ஷீட்டில் ஒட்டி உள்ளே விட வேண்டும்.

தாள் நம்ம ஊரிலேயே உண்டு. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தார் 1959-இல் கையால் காகிதம் செய்யும் தொழிற்சாலை தொடங்கினார்கள். பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்வதால் மரம் வெட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாளில் நார் அதிகம், கனமும் ஒரே சீராக இருக்காது. வேகமாக வெட்டினால் பிய்ந்துவிடும். முதலில் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் வெட்டிப் பாருங்கள். பிறகு மெதுவாக, இரண்டு தடவை வெட்டுங்கள்.

பெரிய சிக்கல் நம்ம தமிழ் எழுத்தில்தான்! எழுத்தை வெட்டி எடுத்து ஒட்டினால் புள்ளி தனித் துண்டாகிவிடும். அது தொலைந்தால் மாப்பிள்ளை ‘கண்ணன்’ பாவம், ‘கணணன’ ஆகிவிடுவார்! தாளில் ஓட்டையாக வெட்டினாலோ ‘ம’வின் மூடிய நடுப்பகுதி விழுந்துவிடும். இரண்டுக்கும் ஒரே வழி, வரையும்போதே மெல்லிய பாலம் போட்டு அந்தத் துண்டை இணைத்துவிடுவது.

மிஷினுக்குத் தமிழ் தெரியாது. நமக்குத் தெரியுமே! வெட்டுவதற்கு முன் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்.