கார் எவ்வளவு பேட்டரியைச் சுமக்க வேண்டும்?

ஒன்பதாம் வகுப்பில் மின் ஆற்றல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சார், ஒரே கார்ல பேட்டரி, மோட்டாரும் இருக்கு, பெட்ரோல் இன்ஜினும் இருக்காம். ரெண்டும் எதுக்கு சார்? ஒண்ணு போதாதா?"

"சார்ஜ் தீர்ந்துபோனால் பெட்ரோல் கைகொடுக்கும்" என்றேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "அப்ப பெரிய பேட்டரியா வச்சிரலாமே?" என்னிடம் பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். விடை அறிவியலைவிட அதிகமாக விலைக் கணக்கில்தான் இருந்தது. ஏழாம் வகுப்புக் கணிதமே அதற்குப் போதும்.

முதலில் அலகு. நம் வீட்டு மின்கட்டணத்தில் 'யூனிட்' என்கிறோமே, அதுதான் கிலோவாட் மணி. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பேட்டரி எவ்வளவு சேமிக்கும் என்பதை யூனிட்டிலும், மோட்டார் எவ்வளவு வேகமாக அதைச் செலவழிக்கும் என்பதைக் கிலோவாட்டிலும் சொல்கிறார்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி நானே ஓராண்டு முழுக்கப் பாடம் நடத்தியிருக்கிறேன். தொட்டியின் கொள்ளளவு வேறு, குழாயில் நீர் வரும் வேகம் வேறு என்று சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் சாதாரண ஹைபிரிட் கார். அதன் சிறிய பேட்டரி, இன்ஜினாலும் பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் ஆற்றலாலும் மட்டுமே சார்ஜ் ஆகும். வீட்டு மின்சாரத்தை அதில் ஏற்ற முடியாது. பிளக்-இன் ஹைபிரிட்டில் பேட்டரி பெரியது. இரவில் வீட்டு மின் இணைப்பில் சொருகி வைக்கலாம். காலையில் முதல் சில பத்து கிலோமீட்டர் மின்சாரத்திலேயே ஓடும், அதன்பின் பெட்ரோலில் ஓடும். சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் 2008 டிசம்பரில் எஃப்3டிஎம் என்ற காரைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே வோல்ட் 2010 டிசம்பரில் வந்தது.

வோல்ட்டின் பேட்டரி 16 யூனிட். அதிலும் ஏறத்தாழ 10 யூனிட்டைத்தான் கார் பயன்படுத்தும். முழுக்க நிரப்பி முழுக்கக் காலி செய்தால் பேட்டரி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் மேலும் கீழும் இடைவெளி விட்டிருந்தார்கள். மின்சாரத்தில் மட்டும் அது ஓடிய தூரம் 35 மைல், அதாவது சுமார் 56 கிலோமீட்டர். விலையோ சுமார் 41,000 டாலர். வாங்குபவருக்கு அரசு 7,500 டாலர் வரை வரிச்சலுகை தந்தது.

அந்த 56 கிலோமீட்டர் யோசித்து வைத்த அளவு. அமெரிக்காவில் வேலைக்குப் போய் வருபவர்களில் சுமார் 78 விழுக்காட்டினர் ஒரு நாளில் 40 மைலுக்கு மேல் ஓட்டுவதில்லை என்ற அரசுக் கணக்கெடுப்பை ஜெனரல் மோட்டார்ஸ் சுட்டிக்காட்டி வந்தது.

மறுநாள் வகுப்பில் ஒரு கற்பனைக் காரை எடுத்துக்கொண்டோம். ஒரு யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் ஓடும். உரிமையாளர் ஆண்டில் 300 நாள், தினமும் 40 கிலோமீட்டர் வேலைக்குப் போய் வருகிறார். ஆண்டுக்கு எட்டு முறை மட்டும் 200 கிலோமீட்டர் வெளியூர்ப் பயணம்.

தினசரிப் பயணத்துக்கு 8 யூனிட் போதும். இந்த எட்டில் ஒவ்வொரு யூனிட்டும் ஆண்டுக்கு 300 முறை நிரம்பிக் காலியாகிறது. 300 பெருக்கல் 5, அதாவது 1,500 கிலோமீட்டர் வேலை செய்கிறது. வெளியூர்ப் பயணத்தையும் மின்சாரத்திலேயே முடிக்க வேண்டுமானால் 40 யூனிட் வேண்டும். கூடுதலாகச் சேர்க்கும் 32 யூனிட்டுகளில் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு எட்டு முறைதான் பயன்படும். எட்டு பெருக்கல் ஐந்து, வெறும் 40 கிலோமீட்டர். முதல் யூனிட்டுக்கும் கடைசி யூனிட்டுக்கும் விலை ஒன்றுதான், உழைப்புதான் ஒன்றில்லை.

2010-இல் கார் பேட்டரியின் சராசரி விலை, இன்றைய டாலர் மதிப்பில் யூனிட்டுக்கு ஆயிரம் டாலருக்கும் மேல் என்று புளூம்பெர்க் நியூ எனர்ஜி ஃபைனான்ஸ் அமைப்பின் ஆய்வுகள் சொல்கின்றன. கணக்குக்கு 1,000 என்றே வைத்தோம். கூடுதல் 32 யூனிட்டுக்கு 32,000 டாலர். ஆண்டுக்கு எட்டுப் பயணத்துக்காக! "அந்தக் காசுக்கு இன்னொரு காரே வாங்கிடலாம் சார்" என்றாள் கடைசி பெஞ்சில் இருந்து ஒருத்தி. சரிதான். அந்த எட்டு நாளைப் பார்த்துக்கொள்ள ஒரு சிறிய பெட்ரோல் இன்ஜினை வைப்பது எவ்வளவோ மலிவு. முந்தைய நாள் கேட்ட கேள்விக்கு விடை அதுதான்.

விலை அப்படியே நிற்கவில்லை. உற்பத்தி பெருகியது. நிக்கலும் கோபால்ட்டும் தேவைப்படாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் பரவின. அதே அமைப்பின் ஆய்வுப்படி 2024-இல் யூனிட்டுக்குச் சராசரி 115 டாலர். இப்போது 32 யூனிட்டின் விலை 3,680 டாலர். இன்ஜின், கியர், பெட்ரோல் டேங்க், சைலன்சர், அவற்றின் பராமரிப்பு எல்லாவற்றையும் எதிர்த்தட்டில் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 2019-இல் வோல்ட்டின் உற்பத்தி நின்றது. ஆனால் மலிவு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. பிளக்-இன் ஹைபிரிட்டும் இப்போது பெரிய பேட்டரியைக் குறைந்த செலவில் சுமக்கலாம். 2024-இல் பி.ஒய்.டி. விற்ற பயணிகள் கார்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. அதை வகுப்பில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. தினமும் காரைச் சொருகி சார்ஜ் செய்வார்கள் என்று நாமாகவே எடுத்துக்கொண்டோம். சொருகாவிட்டால் அந்த 8 யூனிட்டும் வீண்சுமை. ஐரோப்பிய ஆணையம் 2021-இல் பதிவான கார்களின் உண்மையான எரிபொருள் பயன்பாட்டை ஆராய்ந்து 2024-இல் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட்டுகள் சாலையில் வெளியிட்ட கரியமில வாயு, ஆய்வகச் சோதனை காட்டிய அளவைப் போல் சராசரியாக 3.5 மடங்கு இருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு அவற்றை யாரும் சார்ஜ் செய்து ஓட்டவில்லை என்பதே முக்கியக் காரணம்.

பிறகு 300 நாள் என்பதை 100 ஆக்கிக் கணக்கிடச் சொன்னேன். முதல் எட்டில் ஒரு யூனிட்டின் உழைப்பு 500 கிலோமீட்டராகக் குறைந்தது. முதல் நாள் கேள்வி கேட்ட மாணவன் நோட்டைப் பார்த்தபடியே கேட்டான்: "சார், போற வழியில அரை மணி நேரத்துல சார்ஜ் பண்ற இடம் இருந்தா, அந்த 32 யூனிட்டும் வேணாம், இன்ஜினும் வேணாம்ல?"

அடுத்த வகுப்புக்கு அந்தக் கணக்கைக் கரும்பலகையிலேயே விட்டுவைத்தோம்.