ஒருவர் வாசித்த வாத்தியக் குழு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

‘மூடிய ஆர்கன் குழாய் ஒன்றின் நீளம் 50 செ.மீ. காற்றில் ஒலியின் திசைவேகம் நொடிக்கு 340 மீட்டர். குழாயின் அடிப்படை அதிர்வெண் யாது?’

இயற்பியல் மாணவர் எவரும் இந்தக் கணக்கிலிருந்து தப்பியதில்லை. விடை 170 ஹெர்ட்ஸ் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறோம். ஆனால் அந்த ஆர்கன் எப்படியிருக்கும், அதன் முன் யார் உட்கார்ந்தார், என்ன வாசித்தார் என்று கேட்டோமா? நான் கேட்கவில்லை. இசைக்கவையைத் தட்டி, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி, ஒத்ததிர்வு தேடுவதோடு என் ஆர்வம் நின்றுவிட்டது. அண்மையில் ஓர் ஒலிப்பதிவைக் கேட்க நேர்ந்தபோதுதான், நாம் கணக்குப் போடும் அந்தக் குழாய்கள் ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகைக்குள் புகுந்து ஆட்சி செய்தன என்பது தெரிந்தது. அக்கதையை நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

திரைப்படம் பேசத் தெரியாதிருந்த காலம் அது. படம் ஊமையாயினும் கொட்டகை ஊமையாக இருந்ததில்லை. அமெரிக்காவின் சிற்றூர்க் கொட்டகையில் ஒரு பியானோ. மாநகரின் பெரிய படமாளிகையில் முழு வாத்தியக் குழு. குழுவென்றால் வயலின், குழல், எக்காளம், முரசு என்று எத்தனை பேரோ அத்தனை சம்பளம். பகல் காட்சி தொடங்கி இரவுக் காட்சி முடியும்வரை அவர்கள் வாசித்துக்கொண்டே இருக்கவும் முடியாது. ஒரே ஆள் உட்கார்ந்து குழு முழுவதையும் ஒலிக்கச் செய்தால் எப்படியிருக்கும்? கொட்டகை முதலாளிகளின் இந்த ஆசைக்கு விடையாக வந்ததே திரையரங்க ஆர்கன். ‘யூனிட் ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற பெயரிலேயே அதை விற்றார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

இதற்கு வழி கண்டவர் ஆர்கன் கட்டும் தொழிலில் வளர்ந்தவரல்லர். இங்கிலாந்தில் தொலைபேசி நிறுவனமொன்றில் மின்பொறியாளராக இருந்த இராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் (1859–1914) என்பவர். பழைய தேவாலய ஆர்கனில் விரலால் அழுத்தும் கட்டைக்கும் குழாயின் அடியிலுள்ள அடைப்பானுக்கும் இடையே மரச்சட்டங்களும் கம்பிகளுமே தொடர்பு. கருவி பெரிதாகப் பெரிதாகக் கட்டையை அழுத்தவே வலிமை வேண்டும். ஹோப்-ஜோன்ஸ் அந்தச் சட்டங்களைக் கழற்றிவிட்டு மின்கம்பியைப் பூட்டினார். கட்டையை அழுத்தினால் மின்சுற்று மூடும், சிறு மின்காந்தம் ஒரு தகட்டை இழுக்கும், அதனால் ஒரு சிறு தோற்பையிலுள்ள காற்று வெளியேறும், பை சுருங்கி அடைப்பானைத் திறக்கும், குழாய் ஒலிக்கும். கனமான வேலையைக் காற்றே செய்துவிடுவதால் மின்சாரம் மிகச் சிறிதளவே போதும். வாசிப்பவரும் குழாய்களும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுவதும் இல்லை. 1880-களில் பர்க்கன்ஹெட் நகரின் புனித யோவான் ஆலயத்தில், வாசிப்பு மேசையை வெளியே கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்து, உள்ளேயிருந்த ஆர்கனை ஒலிக்கச் செய்து காட்டினார் அவர்!

கம்பி வந்ததும் இன்னொரு வாய்ப்பும் வந்தது. தொலைபேசி நிலையத்தில் எந்தக் கம்பியையும் எந்தக் கம்பியோடும் இணைக்கலாம் அல்லவா? அதுபோல எந்தக் கட்டையும் எந்தக் குழாயையும் அழைக்கலாம். இதன் சிக்கனத்தை நம் பாடக் கணக்கிலேயே பார்க்கலாம். கட்டைகள் 61. மிகத் தாழ்ந்த சுரத்துக்குரிய திறந்த குழாயின் நீளத்தைக் கொண்டு குழாய் வரிசைக்குப் பெயரிடுவர்: 16 அடி, 8 அடி, 4 அடி, 2 அடி. நீளம் பாதியானால் அதிர்வெண் இருமடங்கு, அதாவது ஒரு ஸ்தாயி மேலே. பழைய முறையில் இந்நான்கிற்கும் நான்கு தனி வரிசை வேண்டும்; 244 குழாய்கள். ஆனால் 8 அடி வரிசையின் 13-ஆம் குழாய் 4 அடி நீளமுள்ளது. அதுவே 4 அடி வரிசையின் முதல் குழாயாகவும் பயன்படலாமே! ஆகவே ஒரே வரிசையைக் கீழே 12 குழாயும் மேலே 24 குழாயும் நீட்டினால் போதும். மொத்தம் 97. தேவாலய ஆர்கன் வல்லுநர் பலர் இதை ஏமாற்று வேலை என்று பழித்தனர். அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. 8 அடியும் 4 அடியும் சேர்ந்திருக்கையில் ஒரு சுரத்தையும் அதன் மேல் ஸ்தாயிச் சுரத்தையும் ஒன்றாக அழுத்தினால், நான்கு குழாய் ஒலிக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் ஒலிக்கும். நடுக்குழாயை இரு கட்டைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆனால் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர் இதை எண்ணிப் பார்த்திருக்கப் போவதில்லை.

அவர் கேட்டதெல்லாம் அந்த நாதத்தைத்தான். தேவாலயத்தில் காற்றழுத்தம் நீர் அழுத்தமானியில் மூன்று நான்கு அங்குலம் என்றால், இங்கே பத்து அங்குலமும் அதற்கு மேலும். அந்தக் காற்றோட்டத்தையே நொடிக்கு ஆறேழு முறை குலுக்குவதற்கு ‘ட்ரெமுலன்ட்’ என்றொரு அமைப்பு. கமகம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு அந்த அசைவு அந்நியமாகத் தோன்றாது. மரத்தாலான மூடிய குழாய் வரிசைக்கு ‘டிபியா’ என்று பெயர். மூடிய குழாயில் ஒற்றைப்படை மேற்சுரங்களே எழும் என்று படித்திருக்கிறோம்; டிபியாவில் அவையும் அடங்கி, அடிப்படைச் சுரம் உருண்டு திரண்டு நிற்கும். திரையரங்க ஆர்கனை அடையாளம் காட்டும் குரல் இதுவே. குழாய்களோடு உண்மையான முரசு, தாளத்தட்டு, சைலஃபோன், மணி ஆகியவற்றையும் அறையில் வைத்து, காற்றாலேயே தட்டச் செய்தார்கள். குதிரைக் குளம்பொலி, புகைவண்டிச் சீழ்க்கை, பறவைக் குரல், வாயில் மணி எல்லாம் உண்டு. குதிரைலாட வடிவில் வளைந்த மேசையில் நிறநிறமான விசைகள். அரங்கின் பக்கச் சுவருக்குள் குழாய் அறைகள்; அவற்றின் பலகணிப் பலகைகளைக் காலால் திறந்து மூடி ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம்.

1910-இல் ஹோப்-ஜோன்ஸின் தொழில் அமெரிக்காவின் வுர்லிட்ஸர் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அங்கே உடன்பாடு நிலைக்கவில்லை. 1914-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்நிறுவனம் 2,200-க்கும் மேற்பட்ட ஆர்கன்களைச் செய்து விற்றது அதற்குப் பிறகுதான். 1926-இல் ஏறத்தாழ நாளுக்கொன்று வெளியேறியதாம். கண்டுபிடித்தவர் அதைக் காணவில்லை.

வாசித்தவர்களிடம் வருவோம். இரு கை, இரு கால், இரு கண் அனைத்துக்கும் அங்கே வேலை. கண் திரையில், இடக்கையும் வலக்கையும் வெவ்வேறு கட்டை வரிசைகளில், இடக்கால் மிதிகட்டைகளில், வலக்கால் ஒலிப்பலகையில். காதல் காட்சி முடிந்து குதிரைத் துரத்தல் தொடங்கினால் இடைவெளியின்றி இசையும் தாவ வேண்டும். இவர்களுள் தலையாயவர் ஜெஸ்ஸி கிராஃபோர்ட் (1895–1962). கலிபோர்னியாவில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு வாசிக்கப் போனவர். நியூயார்க்கின் பாரமவுண்ட் அரங்கம் 1926 நவம்பரில் திறக்கப்பட்டபோது, அதன் 36 வரிசை வுர்லிட்ஸர் முன் அமர்ந்தார். ‘ஆர்கன் கவிஞர்’ என்றே விளம்பரப்படுத்தினார்கள். அவர் துணைவியார் ஹெலனும் ஆர்கன் கலைஞர். இருவரும் இரண்டு மேசைகளில் அமர்ந்து சேர்ந்து வாசிப்பதுண்டு. கிராஃபோர்டின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டால் வேகமோ ஆரவாரமோ இல்லை. எளிய மெல்லிசைப் பாட்டு. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் விரல். இத்தனை முரசும் மணியும் கையெட்டும் தூரத்தில் இருக்க, அவற்றைத் தொடாமல் இருந்ததே அவருடைய திறமை என்பது என் எண்ணம்.

பாரமவுண்ட் திறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 1926 ஆகஸ்டில், வார்னர் நிறுவனம் ‘டான் ஜுவான்’ என்ற படத்தைத் திரையிட்டது. அதில் பேச்சு இல்லை. படத்தோடு இணைந்து ஓடும் இசைத்தட்டில் முழு வாத்தியக் குழுவின் இசை இருந்தது. மறு ஆண்டு அக்டோபரில் ‘தி ஜாஸ் சிங்கர்’ வந்தது, நடிகர் பேசினார். அந்த ஒலிக்கருவியை ஆக்கித் தந்தவர்கள் யாரென்று பார்த்தால், பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தார்! தொலைபேசிக்காரர் ஒருவர் கொண்டுவந்த வேலையைத் தொலைபேசிக்காரர்களே கொண்டுபோனார்கள்.

சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான கொட்டகை இசைஞர்கள் வேலை இழந்தனர். 1930-இல் அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பு, ‘டப்பாவில் அடைத்த இசை’யை எதிர்த்து நாளிதழ்களில் பெரும் பொருட்செலவில் விளம்பரம் செய்தது. இயந்திர மனிதன் இசைக்கருவியைப் பிடித்திருப்பதுபோல் படம் போட்டார்கள். பயன் விளையவில்லை. ‘யூனிட் ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற பெயரை இப்போது நினைவுகூரலாம். வயலின்காரரையும் எக்காளக்காரரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவ்விடத்தில் அமர்ந்தவர் ஆர்கன்காரர். அவர்மீது நான் குற்றம் சுமத்தவில்லை. அவரும் பிழைக்க வந்தவரே. கிராஃபோர்டும் 1933-இல் பாரமவுண்டை விட்டு வெளியேறினார்.

எஞ்சியவர் சிலர், படத்தை நம்பாதவர்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் பிறந்த ரெஜினால்ட் டிக்சன் (1904–1985) 1930-இல் பிளாக்பூல் கோபுரத்தின் நடன அரங்குக்கு வந்தார். பெரிய மண்டபத்தில் ஆர்கனின் ஒலி சற்றுப் பிந்தியே காதில் விழும். நடனத்துக்கோ தாளம் இம்மியும் பிசகக் கூடாது. டிக்சன் மிதிகட்டையைச் சட்டென்று தொட்டு எடுத்தார். இடக்கையால் எதிர்த்தாளம் கொடுத்தார். மெட்டைத் தனிச் சுரமாக அன்றி நிறைந்த சுரக்கூட்டாக வாசித்தார். கூட்டம் ஆடியது. 1935-இல் அவர் திட்டப்படியே 14 வரிசையுள்ள புதிய வுர்லிட்ஸர் அங்கே அமைந்தது. 1956-இல் தீ விபத்தில் மண்டபம் பாழாயிற்று. 1958-இல் திறந்தபோது மீண்டும் அவரே அமர்ந்தார். போர்க்காலப் பணி நீங்கலாக, 1970 வரை அது அவர் இடம். வானொலியிலும் இக்கருவிக்கு இடம் கிடைத்தது. 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது, வழக்கமான நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நின்றுபோன பி.பி.சி.யில், கனடா நாட்டவரான சாண்டி மெக்ஃபெர்சன் நாள்தோறும் பலமுறை வாசித்துக்கொண்டேயிருந்தார். கேட்டுக் கேட்டு அலுத்து முறையிட்டவர்களும் உண்டாம்!

மற்றைய ஆர்கன்கள் பல தூசி படிந்தன. கொட்டகைகளோடு சில இடிபட்டன. 1955-இல் அமெரிக்க ஆர்வலர்கள் ஒரு சங்கம் கூட்டி, எஞ்சியவற்றைக் காக்க முனைந்தனர். பாரமவுண்ட் அரங்கம் 1960-களில் மூடப்பட்டபின், கிராஃபோர்ட் வாசித்த ஆர்கன் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரின் அரங்கொன்றில் 1972-இல் நிறுவப்பட்டது. இளமையில் லாஸ் ஏஞ்சலிஸில் ஊமைப்படங்களுக்கு வாசித்த கேலார்ட் கார்ட்டர், முதுமையில் அதே ஊமைப்படங்களுக்கு மீண்டும் வாசிக்க அழைக்கப்பட்டார். 2000-இல் தம் 95-ஆம் வயதில் மறைந்தார். பிளாக்பூலில் டிக்சனின் 14 வரிசை ஆர்கன் இன்றும் அதே மண்டபத்தில் இருக்கிறது. ஆட வருவோருக்காக இன்றும் ஒருவர் அதன் முன் உட்கார்ந்து வாசிக்கிறார்.