பழவேற்காட்டில் பிள்ளைகளுக்கு ஒரு முறைப் பாடம்

பொங்கல் விடுமுறையில் பழவேற்காடு போனால், பூநாரையையும் டச்சுக் கல்லறையையும் மட்டும் காட்டிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மீனவர்களிடம் 'பாடு' பற்றிப் பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். இறால் கிடைக்கும் இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைக்கும் பழைய ஏற்பாடு அது. நம் ஏரி மடைக்கு முறை வைப்பதைப் போன்றது. (பாடு உரிமை எல்லா மீனவருக்கும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.)

"முறை இல்லாத நாளில் என்ன செய்வீங்க தாத்தா?" என்று கேட்டாள் என் மகள்.

"வலை தைப்பேன். முகத்துவாரம் மண் மூடிட்டா, முறை வந்தாலும் அதே வேலைதான் பாப்பா."

இறால் குஞ்சுகள் கடலிலிருந்து முகத்துவாரம் வழியாகத்தான் ஏரிக்குள் வருகின்றன.

மழைக்குப் பின் ஆரணியாற்று நன்னீரால் ஏரியில் உப்பு குறையும்; கோடையில் ஏறும். ஜனவரியில் ஒரு பாட்டில் நீர் எடுங்கள். மே மாதம் போக முடிந்தால் அதே இடத்தில் இன்னொன்று. வீட்டுக் கிணற்று நீரையும் தனியே மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, மூன்றின் மின்கடத்தும் திறனையும் பிள்ளைகளே எழுதி வைக்கட்டும்.