திரையில் டாங்கிப் போர்: மெய்ம்மையும் நியாயமும்

பள்ளி விளையாட்டு விழாவில் ஆறாம் வகுப்பு மாணவியையும் பத்தாம் வகுப்பு மாணவியையும் ஒரே பந்தயத்தில் ஓடவிடுவதில்லை. இளையோர், மூத்தோர் எனப் பிரித்தே போட்டி நடத்துவர். ஆனால் போர்க்களத்தில் இத்தகைய பிரிவு ஏது? எதிரியைவிட வலிய ஆயுதத்தோடு செல்வதே எந்தப் படைத்தலைவரின் நோக்கமும் ஆகும். அவ்வாறாயின், போர் வண்டிகளைக் கொண்டு ஆடும் கணினி விளையாட்டில் மெய்ம்மையையும் நியாயத்தையும் ஒருங்கே காப்பது எப்படி?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டு ஜெர்மனி களமிறக்கிய டைகர் டாங்கியின் எடை 57 டன். முன்புறக் கவசம் 100 மில்லிமீட்டர். பீரங்கி 88 மில்லிமீட்டர். அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கியோ சுமார் 30 டன். அதன் முதற்பீரங்கி 75 மில்லிமீட்டர். தனித்து நேருக்கு நேர் மோதினால் டைகரின் கையே ஓங்கும். ஆயினும் டைகர்கள் சுமார் 1,350 மட்டுமே செய்யப்பட்டன. ஷெர்மன்களோ 49,000க்கும் மேல்! போரில் எண்ணிக்கை ஈடுசெய்தது. விளையாட்டிலோ இரு அணியிலும் சம எண்ணிக்கையினர் ஆடுவதால் அந்த ஈடு மறைந்துவிடுகிறது. சிக்கலின் வேர் இதுவே.

இதற்கு இரு வழிகள் உள்ளன. 2010இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்’ விளையாட்டில் ஒவ்வொரு டாங்கிக்கும் உயிர்ப்புள்ளிகள் உண்டு. சமநிலைக்காகக் குண்டு நிரப்பும் வேகம் போன்றவற்றை மாற்றுவதும் உண்டு. 2012இல் தொடங்கிய ‘வார் தண்டர்’ விளையாட்டில் டாங்கிகளுக்கு உயிர்ப்புள்ளி இல்லை. குண்டு எங்கே, எந்தக் கோணத்தில் பட்டது, உள்ளே எதைத் தாக்கியது என்று கணக்கிடப்படுகிறது. நாம் படிக்கும் முக்கோணவியல் இங்கே பயன்படுகிறது! சோவியத் டி-34 டாங்கியின் முன்தகடு 45 மில்லிமீட்டர்தான். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்திருப்பதால், கிடையாக வரும் குண்டு 90 மில்லிமீட்டர் எஃகைத் துளைக்க வேண்டும்.

அப்படியானால் நியாயம்? ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தரவெண் தந்து, நெருங்கிய எண்ணுடையவற்றை மோதவிடுகின்றனர். ஒரு வண்டி மிகுதியாக வென்றால் அதன் தரவெண் உயரும். வண்டியைப் பற்றிப் பொய் சொல்லாமல், தக்க எதிரியைத் தேடித் தரும் இம்முறையே சிறந்தது என்பது என் கருத்து. இதிலும் குறை உண்டு. வெவ்வேறு ஆண்டுகளின் டாங்கிகள் ஒரே களத்தில் சந்திக்க நேரிடும்.

மெய்ம்மை வேட்கைக்கும் எல்லை வேண்டும். 2021இல், பிரிட்டனின் சாலஞ்சர் 2 டாங்கி விளையாட்டில் தவறாக அமைந்துள்ளது என வாதிட்ட ஒருவர், அதன் இராணுவக் கையேட்டுப் பகுதியையே வெளியிட்டுவிட்டார்! நிறுவனம் உடனே அதை நீக்கியது. ஓர் ஆட்டத்திற்காக நாட்டின் இரகசியத்தைக் காற்றில் விடலாமா?

திரையில் எரிந்த டாங்கி அடுத்த ஆட்டத்தில் மீண்டும் வரும். உண்மையான டைகரிலும் ஷெர்மனிலும் ஐந்து ஐந்து பேர் இருந்தனர். அவர்களுக்கு அடுத்த ஆட்டம் இல்லை. இம்மெய்ம்மையை எந்தக் கணக்காலும் திரையில் கொண்டுவர இயலாது. ஆடுவோர் நெஞ்சில்தான் அது இருக்க வேண்டும்.