அடுப்படிக்குள் நுழைந்த 35 மில்லிமீட்டர்

தாத்தா எடுத்த படங்கள் எங்கள் வீட்டில் இரண்டு பெரிய ஆல்பங்களில் இருக்கின்றன. ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் டிரெசராக வேலை பார்த்தவர். ஊசி போடுவதும் மருந்து கட்டுவதும் போக மிச்ச நேரத்தில் தோட்டத்துக்கே அவர்தான் போட்டோக்காரர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, சாவு என எல்லாவற்றுக்கும் படம் உண்டு. போன செமஸ்டர் விடுமுறையில் லூமுட் வந்திருந்தபோது அவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பாதி ஆல்பம் தாண்டிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வீட்டுக்குள் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் வாசலில், மரத்தடியில், கோயில் முன்னால் வரிசையாக நிற்கிறார்கள்.

பாட்டியிடம் கேட்டேன். "உள்ள நின்னு எடுக்க எடம் எங்க இருந்துச்சு? ரெண்டு பேரு நின்னா மூணாவது ஆளு வெளியதான் நிக்கணும்" என்றார்.

பாட்டி பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில். அவருடைய தம்பி, எங்களுக்குச் சின்னத் தாத்தா, இன்னும் அங்கேதான் இருக்கிறார். பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. லயத்தில் கடைசி வரிசையில் நாலைந்து வீடுகள்தாம் மிச்சம். அவற்றையும் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அந்தப் பேச்சு வந்ததும் பாட்டி என்னைப் பார்த்து, "ஏம்மா, அந்த அடுப்படிய ஒரு படம் எடுத்துக் குடேன். தாத்தா கேமராவுலயே எடு" என்றார்.

கைப்பேசியில் எடுத்தால் ஒரு வினாடி வேலை. எடுத்தும் இருக்கிறேன். ஆனால் பாட்டி கேட்டது தாத்தாவின் கேமராவில். அதனால் பிஸ்கட் டின்னைத் திறக்க வேண்டியதாயிற்று.

உள்ளே இருந்தது ஜப்பானின் கேனன் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட 'பி' என்ற ரேஞ்ச்பைண்டர் கேமரா. இந்த வகைக் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே ஓர் ஓரத்தில் தனியாக ஒரு கண்ணாடிச் சன்னல் இருக்கும். அதில் பார்த்தால் நடுவில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வரும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் குவியம் சரியாக விழுந்துவிட்டது என்று அர்த்தம். முதல் தடவை அதைச் செய்தபோது எனக்கு வானொலியில் நிலையம் பிடிப்பது போல் இருந்தது.

டின்னில் இரண்டு லென்ஸ்கள் இருந்தன. ஒன்று 50 மில்லிமீட்டர்; ஆல்பம் முழுக்க இருப்பது அதன் வேலை. இன்னொன்று 35 மில்லிமீட்டர், f/2.8. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான், ஆனால் நல்ல கனம். 1950-களின் தயாரிப்பு. தாத்தா வேலையை விட்டு லூமுட்டுக்குக் குடிவந்த பிறகு, பினாங்கில் யாரிடமோ பழையதாக அதை வாங்கினாராம். வீட்டுக்குள் எடுப்பதற்கான லென்ஸ் கைக்கு வந்தபோது அந்த வீடு அவருக்கு எட்டாமல் போய்விட்டது.

35-க்கும் 50-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். பிலிமின் ஒரு கட்டம் 36 மி.மீ. அகலம். மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் 50 மி.மீ. லென்ஸ் காட்டுவது சுமார் 2.2 மீட்டர் அகலம். 35 மி.மீ. காட்டுவது மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கூட. 28 மி.மீ. ஏறக்குறைய நான்கு, 21 மி.மீ. ஐந்து மீட்டருக்கும் மேல். ஒரு சின்ன அறையில் சுவரோடு முதுகை ஒட்டி நிற்பவருக்கு அந்த ஒரு மீட்டர்தான் பாட்டி படத்தில் இருப்பதும் இல்லாமல் போவதும். நம் தலைமுறைக்கு இது தோன்றாததற்குக் காரணம் உண்டு. இன்றைய கைப்பேசிகளின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலத்தையே காட்டுகிறது. நாம் பிறந்ததிலிருந்தே அகலமாகப் பார்த்துப் பழகியவர்கள்.

பழைய அகலக் கோண லென்ஸ்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் ஏன் ரேஞ்ச்பைண்டர் லென்ஸ்களையே குறிவைக்கிறார்கள் என்பதற்கும் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. பிற்காலத்தில் எல்லாரும் வாங்கிய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் அசைய வேண்டும். அதற்கு இடம் விட வேண்டும். 1959-இல் வந்த நிக்கான் எஃப் கேமராவில் லென்ஸ் பொருந்தும் விளிம்பிலிருந்து பிலிம் வரை 46.5 மி.மீ. தாத்தாவின் கேமராவில் அது 28.8 மி.மீ. மட்டுமே. எஸ்.எல்.ஆருக்கு அகல லென்ஸ் செய்பவர்கள் லென்ஸைத் தள்ளி நிறுத்திக்கொண்டே அகலமாகக் காட்ட வேண்டும் என்பதால் பெரிய பெரிய கண்ணாடிகளைச் சேர்த்தார்கள். பிரான்சின் ஆன்ஜெனியூ நிறுவனம் 1950-இல் அந்த வழியைத் திறந்துவிட்டது. ரேஞ்ச்பைண்டரில் அந்தத் தொல்லை இல்லை. லென்ஸின் பின்பக்கம் பிலிமை ஒட்டிப் போய் நிற்கலாம். முன்பாதியும் பின்பாதியும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும்படி செய்யலாம். அப்படிச் செய்த லென்ஸ்கள் சிறியவை. கதவு நிலை, பலகைச் சுவர் போன்ற நேர்க்கோடுகளையும் வளைக்காமல் காட்டும். அதற்கு ஒரு விலை உண்டு: படத்தின் நான்கு மூலைகளும் கொஞ்சம் இருண்டு போகும். சிலருக்கு அது குறை. எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொரு வசதி, மரை. ஜெர்மனியின் லைக்கா கேமராக்கள் 39 மி.மீ. மரை வைத்து லென்ஸ் மாட்டும் முறையைப் பரப்பின. ஜப்பானின் கேனனும் சோவியத்தின் ஃபெட், ஸோர்க்கி கேமராக்களும் அதே அளவைப் பிடித்துக்கொண்டன. அதனால் தோக்கியோவில் செய்த லென்ஸை வெட்ஸ்லரில் செய்த கேமராவில் திருகி மாட்டலாம். ஜப்பான் லென்ஸ்களுக்கு உலகப் பெயர் வந்த கதையும் ஆசியாவில் நடந்ததுதான். 1950-இல் 'லைஃப்' இதழின் படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் தோக்கியோவில் இருந்தபோது, ஜுன் மிக்கி என்ற இளம் ஜப்பானியர் நிக்கோர் லென்ஸ் ஒன்றால் அவரைப் படமெடுத்துக் காட்டினார். டங்கன் அசந்துபோனார். கொரியப் போருக்கு அந்த லென்ஸ்களைத்தான் கொண்டுபோனார்.

அகல லென்ஸ் இருந்தால்தான் நல்ல படம் வரும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே 1950-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்த்தியே-பிரெசோன் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷி மறைந்த ஏப்ரல் 14 இரவில் அவர் அங்கேதான் இருந்தார். அவர் வாழ்நாளில் பெரும்பாலும் பயன்படுத்தியது லைக்காவும் 50 மி.மீ. லென்ஸும்தான். ஆனால் அவருக்கு லயத்து அடுப்படியைப் படமெடுக்கும் வேலை யாரும் கொடுக்கவில்லை.

தாத்தாவின் 35-ஐ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே சிலந்தி வலை போல் மெல்லிய இழைகள் ஓடியிருந்தன. பூஞ்சை. நம் நாட்டின் ஈரக்காற்றுக்கும் லூமுட்டின் கடற்காற்றுக்கும் மூடிய டின் ஒன்று கிடைத்தால் அதற்கு விருந்துதான். ஈப்போவில் பழைய கேமரா பழுதுபார்க்கும் சீனப் பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவர் ஒரு கண்ணில் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மலாயில் சொன்னார்: "அமோய், பூஞ்சையைத் துடைச்சிடலாம். அது தின்ன பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாது." லென்ஸின் மேல் ஒளி சிதறாமல் இருக்க ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். பூஞ்சை வெளியிடும் அமிலம் அந்தப் பூச்சையும் நாளடைவில் கண்ணாடியையும் அரித்துவிடும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் படம் கொஞ்சம் புகைமூட்டமாக வரும் என்று எச்சரித்துத்தான் கொடுத்தார்.

இப்போது அந்த லென்ஸ் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இருக்கிறது. உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. 40-க்கும் 50 விழுக்காட்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று தினமும் பார்க்கிறேன். பழைய லென்ஸ்களைத் தோல் உறையிலேயே வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வெளியே எடுங்கள். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

முதல் பிலிம் சுருள் என் மானத்தை வாங்கியது. ஒரு சுருள் வாங்கிக் கழுவி ஸ்கேன் செய்வதற்கு எனக்கு ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு ஆகிறது. அந்தச் சுருளில் முதல் ஏழு படங்கள் வெறும் கறுப்பு. லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை! எஸ்.எல்.ஆராக இருந்தால் கண்ணை வைத்ததுமே இருட்டாகத் தெரிந்திருக்கும். ரேஞ்ச்பைண்டரில் பார்க்கும் சன்னல் தனி, படம் பிடிக்கும் கண் தனி. உலகம் பளிச்சென்று தெரிய, நான் பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் இந்த லென்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, மாசி மகத்துக்குப் படகேறிப் பங்கோர் தீவுக்குப் போனேன். பத்திரகாளியம்மன் கோயிலில் அன்று நிற்க இடம் இருக்காது. இரண்டு உருவங்களை ஒன்றாக்கிக்கொண்டிருக்க நேரமும் இருக்காது. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. f/8-இல் வைத்துக் குவியத்தை 5 மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாகவே இருக்கும். அதன்பிறகு வளையத்தைத் தொடவே வேண்டாம். கேமராவைத் தூக்கி அழுத்த வேண்டியதுதான். 28 மி.மீ. லென்ஸில் இதைவிட எளிது: அதே f/8-இல் 3.3 மீட்டரில் வைத்தால் ஒன்றரை மீட்டரைத் தாண்டியதுமே தெளிவு தொடங்கிவிடும். ஆனாலும் அன்று எடுத்தவற்றில் பாதிப் படங்களில் எல்லாரும் எறும்பு மாதிரி இருந்தார்கள். அகல லென்ஸை வைத்துக்கொண்டு தள்ளி நின்றால் எல்லாமே சிறுத்துவிடும். பக்கத்தில் போக வேண்டும். பக்கத்தில் போனால், "யாரு வீட்டுப் பொண்ணு நீ?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு எடுத்த படங்கள்தாம் நன்றாக வந்தன.

இதற்குள் எனக்கும் அந்தக் கிறுக்கு பிடித்துவிட்டது. பெட்டாலிங் ஜெயாவில் வார இறுதியில் கூடும் அம்கோர்ப் மால் பழம்பொருள் சந்தைக்குப் போய் மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். லைக்காவின் 21 மி.மீ. சூப்பர் ஆங்குலான் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டதும் மெதுவாகத் திருப்பிக் கொடுத்தேன். கடைசியில் நான் வாங்கியது ஜூப்பிட்டர்-12 என்ற சோவியத் லென்ஸ். 35 மி.மீ., f/2.8. 1930-களில் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்துக்காக லுட்விக் பெர்ட்டெலே வடிவமைத்த பயோகான் லென்ஸின் வழிவந்தது. அதன் பின்கண்ணாடி ஒரு குமிழ் போல வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பின்பக்கமாக மேசையில் வைத்தால் போச்சு. எல்லாக் கேமராவுக்குள்ளும் அது நுழையாது, இடிக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் கேமராவுக்குப் பொருந்துமா என்று விசாரிக்க வேண்டும். கூடவே ஒரு சிறிய டார்ச்சும் கொண்டுபோங்கள். பின்னாலிருந்து ஒளியை அடித்து முன்னால் பார்த்தால் விற்பவர் சொல்லாததை லென்ஸே சொல்லிவிடும்.

சந்தையில் சிலரைப் பார்த்தேன். பத்து, இருபது லென்ஸ்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்றில்கூடப் படம் எடுப்பதில்லை. அவர்கள்மேல் எனக்குப் பொறாமை இருக்கிறது. மரியாதை கொஞ்சம் குறைவு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டியை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அடுப்படியில் ஒரே ஒரு சன்னல். கைப்பேசிச் செயலியில் ஒளியை அளந்தேன். ISO 400 கறுப்பு வெள்ளை பிலிமுக்கு f/2.8-இல் ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு வேண்டும் என்றது. கை நடுங்கினால் படம் கெட்டுவிடும். இந்தக் கேமராவில் கண்ணாடி தூக்கி அடிக்கும் அதிர்வு இல்லை என்ற தைரியத்தில், எதிர்ச்சுவரில் முதுகை அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சன்னல் நேராக விழாமல் கொஞ்சம் திரும்பி நின்றேன். பெரியவர் சொன்ன புகைமூட்டம் நினைவிருந்தது. கேமராவை மேலேயோ கீழேயோ சாய்த்தால் சுவர்கள் விழுவது போல் வரும் என்பதால் மட்டமாகப் பிடித்தேன். சின்னத் தாத்தா அடுப்பின் முன்னால் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாட்காட்டி, கரி படிந்த பலகை, உறி தொங்கிய கம்பி எல்லாமே கட்டத்துக்குள் இருந்தன. நான்கு தடவை அழுத்தினேன். மூடியை மூன்று தடவை சரிபார்த்தேன்.

நான்கில் இரண்டு ஆடிப்போயிருந்தன. ஒன்றில் சின்னத் தாத்தா கண்ணை மூடியிருந்தார். மிஞ்சிய ஒன்றைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து பாட்டியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தன் முகத்தையோ தம்பி முகத்தையோ தேடுகிறார் என்று நினைத்தேன்.

"அம்மி எங்க?" என்றார்.

நானும் குனிந்து தேடினேன். லென்ஸ் இருட்டாக்கிவிட்ட கீழ் மூலையில், சுவரோரமாக, பாதி நிழலில் அது கிடந்தது. பாட்டி அதன் மேல் விரலை வைத்தார். "எங்கம்மா அரைச்சது" என்றார்.