கைப்பெருக்கிக்கு மாற்றுச் சில்லு தேர்தல்

செல்பேசி தரும் இசையை ஹெட்போனுக்கு வேண்டும் ஆற்றலோடு செலுத்துவது ஹெட்போன் பெருக்கி. சட்டைப்பையில் அடங்கும் இதனைத் தாமே அமைத்துக்கொள்ளும் மாணவரும் உளர். 1990-களின் இறுதியில் சூ மோய் என்பார் வெளியிட்ட 'சீமோய்' என்னும் சுற்று இவ்வகையிற் பெயர்பெற்றது. இதற்கு உயிராய் விளங்குவது 'ஆப்-ஆம்ப்' என்னும் எட்டுக்கால் ஐ.சி. சில்லு. கணிப்பொறிகளிற் கூட்டல் முதலிய செயல்களை இயற்றியமையின் இவ்வகைப் பெருக்கி 1947-ஆம் ஆண்டில் அப்பெயர் எய்திற்று.

சில்லு பழுதுற்றால் எதனை மாற்றியிடுவது? கீழ்பென்னாத்தூர் போன்ற பேரூரில் பழுதுபார்க்கும் கடையில் எளிதிற் கிடைப்பது 4558. பிறவற்றை வேண்டுவோர் சென்னை ரிச்சித் தெருவிற்குச் செல்லுதல் வேண்டும். அன்றி அஞ்சலில் வருவித்தல் வேண்டும். ஆதலின், வாங்குமுன் ஆராய்தல் நன்று. யாம் கூறப் புகுவது ஒன்றே: புகழ்பெற்ற சில்லன்று, சுற்றிற்கு ஏற்ற சில்லே சிறந்தது.

முதற்கண் நோக்கத்தக்கது கால்களின் அமைப்பு. 4558, டி.எல். 072, என்.இ. 5532, ஓ.பி.ஏ. 2134 ஆகியன ஒரு சில்லில் இரு பெருக்கிகளை உடையன, கால்வரிசையும் ஒன்றே. ஓ.பி.ஏ. 134 ஒற்றைப் பெருக்கி. அதற்கும் கால்கள் எட்டேயாயினும், வெளியீடு 6-ஆம் காலில் உள்ளது. இரட்டையிலோ 1, 7 ஆம் கால்களில் உள்ளது. ஒன்றன் இடத்தில் மற்றொன்றைச் செருகுதல் கேடு பயக்கும்.

அடுத்தது பாட்டரி. 9 வோல்ட் பாட்டரி நாளடைவில் 7 வோல்ட்டிற்குத் தாழும். பழைய வகை டி.எல். 072-க்கு 10 வோல்ட்டேனும் வேண்டுமென்பர், ஓ.பி.ஏ. 2134-க்கு 5 வோல்ட்டே அமையும்.

மூன்றாவது பலரும் மறப்பது. என்.இ. 5532 இரைச்சல் மிகக் குறைந்தது. ஒலிக்கலவைக் கருவிகளிற் பெரிதும் பயன்படுவது. எனினும் அதன் உள்ளீட்டுக் கால் ஏறத்தாழ 0.2 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டத்தை வேண்டும். சீமோய்ச் சுற்றின் 1,00,000 ஓம் தடையில் அது 20 மில்லிவோல்ட் ஆகும். 11 மடங்கு பெருகி, 220 மில்லிவோல்ட் அளவினதாய், டி.சி. எனப்படும் மாறா மின்னழுத்தம் ஹெட்போனைச் சென்றடையும். இஃது ஒலியைக் கெடுத்து, நுண்ணிய சுருளுக்கும் ஊறு செய்யலாம். ஓ.பி.ஏ. 2134-இன் உள்ளீட்டு மின்னோட்டமோ கருதவேண்டாத அளவு சிறிது. ஓரிடத்துச் சிறந்தது பிறிதோரிடத்துப் பொருந்தாமை காண்க. வினைக்கு உரியானைத் தெரிந்து அமர்த்துக என்னும் வள்ளுவர் நெறி சில்லிற்கும் ஒக்கும்.

விரைவு மிக்க சில்லுகளும் அத்தன்மையவே. ஏ.டி. 8066-இன் அலைவரிசை 145 மெகாஹெர்ட்ஸ், 2134-இனது 8. மின்வழங்கு கால்களின் அருகே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இல்லையேல், விரைந்த சில்லு செவிக்கெட்டா அதிர்வில் தானே அலைந்து சூடேறும். பாட்டரியையும் அது மிகுதியாய் உண்ணும்.

பெயர் மாற்றி அச்சிட்ட போலிகளும் சந்தையில் உலவுகின்றன. மிக மலிந்த விலை ஐயத்திற்கு இடமாம். சில்லை நேரே பற்றவைக்காது, சாக்கெட்டில் இடுக. ஹெட்போனைச் செருகுமுன் மல்டிமீட்டரால் வெளியீட்டை அளக்க. 20 மில்லிவோல்ட்டிற்கு மேற்படின் செருகற்க. பின்னர், ஒலியளவை ஒப்பாக்கி, எச்சில்லு உள்ளதென்று அறியாதவாறு நண்பர் ஒருவரை மாற்றச்செய்து கேட்க. வேறுபாடு தோன்றாதாயின், விலை குறைந்ததையே கொண்டு, எஞ்சிய பொருளைப் பிற நன்முயற்சிக்கு ஆக்குக.